புது ஜன்னல் திறக்கணுமா, வேண்டாமா? – ஒரு முப்பது வருஷத்து வழக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. காலையில் காப்பி குடித்துவிட்டு எழுத ஆரம்பித்தேன், மத்தியானம் ஆகிவிட்டது. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் இடைசெவலில் ஒரு சின்னச் சண்டை. வரப்புச் சண்டை இல்லை. வாய்க்கால் சண்டையும் இல்லை, மானம் பார்த்த கரிசலில் வாய்க்காலுக்கு எங்கே போக? இது ஜன்னல் சண்டை.

ஊரைப் பற்றி இணையத்தில் ஒரு தளம் போடலாம் என்று பழைய மாணவர்கள் சிலர் கூடினார்கள். கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர். இரண்டு சாகித்திய அகாதெமி விருது வாங்கிய ஒரு சின்னக் கிராமம். 1970-ல் ‘அன்பளிப்பு’க்காக கு.அ.வுக்கும், 1991-ல் ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்காக கி.ரா.வுக்கும் கிடைத்தது. 2021 மே மாதம் கி.ரா. புதுச்சேரியில் காலமானபோது இங்கேதான் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதையெல்லாம் தெரிந்துகொள்ள வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஒரு தளம் இருந்தால் நல்லதுதானே? எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். தளத்தைக் கட்டுகிற வேலை என் தங்கச்சி மகனுக்கு. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான்.

நான் எழுதிக் கொடுத்ததில் முப்பது நாற்பது இணைப்புகள் இருந்தன. விக்கிப்பீடியா, மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்து நூலகம், மாவட்ட நிர்வாகத்தின் தளம், இப்படி. அவன் எல்லாவற்றையும் புது ஜன்னலில் திறக்கும்படி செய்து வைத்திருந்தான்.

“ஏம்ப்பா, எதைத் தொட்டாலும் புதுசு புதுசா ஒண்ணு திறக்குதே?”

“மாமா, அப்படித்தான் வைக்கணும். இல்லாட்டா லிங்கை அமுக்கினவன் நம்ம பக்கத்தை விட்டுப் போயிருவான். திரும்பி வரமாட்டான்.”

“போறவன் போகட்டுமே. வரணும்னு தோணுனா வருவான்.”

“நீங்க பழைய ஆளு மாமா.”

பழைய ஆள் என்று சொன்னது கொஞ்சம் சுருக்கென்று தைத்தது. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் வாத்தியார் புத்தி ஓய்வு பெறுவதில்லை. இது எப்போது ஆரம்பித்த வழக்கு, யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு மாதம் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

*

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா பக்கம் செர்ன் என்ற ஆராய்ச்சி நிலையம். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஆவணங்களை ஒன்றோடொன்று கோக்கும் யோசனையை 1989 மார்ச்சில் எழுதிக் கொடுத்தார். 1990 கடைசியில் முதல் உலாவியும் தயார். அது நெக்ஸ்ட் என்ற விலையுயர்ந்த கணினியில் மட்டும் ஓடும். அந்த முதல் உலாவியில் ஓர் இணைப்பை இரண்டு தடவை சொடுக்கினால், அடுத்த ஆவணம் தனி ஜன்னலில்தான் வரும். மேஜையில் ஒரு தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாளை வைக்கிற மாதிரி. ஆக என் மருமகன் கட்சிக்குத்தான் முதல் சாட்சி. இதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

ஆனால் நெக்ஸ்ட் கணினி எத்தனை பேரிடம் இருக்கும்? மற்றக் கணினிகளுக்காக நிக்கோலா பெல்லோ என்ற மாணவி இன்னோர் உலாவி எழுதினார். அதில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. இணைப்புகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். எண்ணைத் தட்டினால் அந்தப் பக்கம் வரும். திரும்ப வேண்டுமென்றால் அதற்கு ஒரு கட்டளை. ஒரே திரை. போவதும் வருவதும் அதிலேயே.

1993-ல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்து மையம் ஒன்றிலிருந்து மொசைக் வந்தது. உலகம் பூராவும் இணையம் பரவியதற்கு முக்கியமான காரணம் இந்த உலாவிதான். ஒரே ஜன்னல், மேலே பின்னால் போகும் பொத்தான். இணைப்பை அமுக்கினால் போகும், பின் பொத்தானை அமுக்கினால் வந்த வழியே திரும்பும். படித்தவன், படிக்காதவன் எல்லாருக்கும் இரண்டு நிமிஷத்தில் விளங்கிவிடும். இன்றைக்கு நம் விரல் தானாகப் போய்த் தொடுகிற பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15-ல். வி.எஸ்.என்.எல். கொடுத்தது, அதுவும் பெருநகரங்களில் மட்டும். கரிசல் காட்டுக்கு அது வந்துசேர இன்னும் சில வருஷங்கள் இருந்தன.

*

இனிமேல்தான் வழக்கு சூடுபிடிக்கிறது.

1996-ல் நெட்ஸ்கேப் தன் இரண்டாவது பதிப்பில் ‘ஃபிரேம்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் பாடத் தலைப்புகளையும் வலது பக்கம் பாடத்தையும் எழுதுவோமே, அதுதான். இடது பக்கத் தலைப்பைத் தொட்டால் வலது பக்கத்தில் பாடம் மாற வேண்டும். அதற்காக ஒவ்வோர் இணைப்புக்கும் “இதை எந்தச் சட்டத்துக்குள் திறப்பது” என்று குறிப்புக் கொடுக்கிற வசதியும் வந்தது. அந்தக் குறிப்புகளில் ஒன்றின் பெயர் ‘பிளாங்க்’. வெறும் புது ஜன்னலில் திற என்று அர்த்தம். இன்று வரைக்கும் புது ஜன்னல் திறக்கிற இணைப்புகளில் பெரும்பாலும் உள்ளே ஒளிந்திருப்பது அதே சொல்தான்.

ஃபிரேம் வந்ததும் ஒரு திருட்டுத்தனமும் கூடவே வந்தது. அடுத்தவன் தளத்தைத் தன் சட்டத்துக்குள் திறந்து, சுற்றிலும் தன் விளம்பரத்தை வைத்துக்கொள்வது. பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே கடைச் சரக்காகத் தெரியும். அமெரிக்காவில் டோட்டல் நியூஸ் என்ற தளம் பெரிய பத்திரிகைகளின் செய்திகளை இப்படிக் காட்டியது. வாஷிங்டன் போஸ்ட்டும் மற்றவர்களும் 1997 பிப்ரவரியில் வழக்குப் போட்டார்கள். அந்த வருஷமே சமரசம் ஆனது. இணைப்புக் கொடுக்கலாம், சட்டத்துக்குள் அடைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இந்த இடத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். ஃபிரேம் இருந்த காலத்தில் அடுத்தவர் பக்கத்தைப் புது ஜன்னலில் திறப்பது ஒரு நாணயமான காரியம். “இது என் சரக்கு இல்லை, அவர் சரக்கு. அவர் கடையிலேயே போய்ப் பார்” என்று சொல்கிற மாதிரி. புது ஜன்னலுக்கு ஒரு காலத்தில் நியாயமான வேலை இருந்திருக்கிறது.

அதே சமயத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. டிரைபாட் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் போடலாம். ஒரு பெரிய கார் கம்பெனியின் விளம்பரம் ஓர் ஆபாசப் பக்கத்தில் வந்துவிட்டது. கம்பெனிக்காரர்களுக்குக் கோபம். விளம்பரத்தைப் பக்கத்தில் ஒட்டாமல் தனி ஜன்னலில் காட்டினால் பழி வராது என்று, அங்கே வேலை பார்த்த ஈதன் ஜுக்கர்மேன் அதற்கு நிரல் எழுதினார். நாம் ‘பாப்-அப்’ என்று சொல்கிற சனியன் அப்படித்தான் பிறந்தது. 2014-ல் அட்லாண்டிக் பத்திரிகையில் அவரே அதை எழுதி மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷர், தப்பை ஒத்துக்கொண்டார்.

அந்தச் சனியனை நான் நேரில் பார்த்தது கோவில்பட்டியில். 2001 என்று ஞாபகம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர். தமிழ்ப் பத்திரிகை ஒன்றைக் கணினியில் வாசிக்கலாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். அப்போது ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்காவிட்டால் தமிழுக்குப் பதில் கொக்கி கொக்கியாக ஏதோ தெரியும். எழுத்துருவைத் தேடி ஒரு தளத்துக்குப் போனேன். தொட்டேன். ஒரு ஜன்னல் வந்தது. அதை மூடினால் இரண்டு. இரண்டை மூடினால் நாலு. சீட்டு விழுந்திருக்கிறது என்று ஒன்று, கடிகாரம் வாங்கு என்று ஒன்று, பிள்ளைகள் பார்க்கக் கூடாதது ஒன்று. பக்கத்து நாற்காலியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பையன். எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் கடைக்காரத் தம்பி வந்து, “சார், விடுங்க” என்று கணினியையே அணைத்தார். அரை மணிக்கான காசைக் கொடுத்துவிட்டு ஒரு எழுத்துக்கூட வாசிக்காமல் ஊருக்கு பஸ் ஏறினேன்.

*

பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. இணையப் பக்கங்களுக்கு இலக்கணம் வகுக்கிற டபிள்யூ3சி என்ற அமைப்பு, 1997 டிசம்பரில் வெளியிட்ட எச்.டி.எம்.எல். 4.0-ன் கறாரான வடிவத்தில் அந்தப் ‘பிளாங்க்’ குறிப்புக்கு இடமே கொடுக்கவில்லை. ஆட்கள் என்ன செய்தார்கள்? ஜாவாஸ்கிரிப்ட் வழியாகச் சுவரேறிக் குதித்து அதே புது ஜன்னலைத் திறந்தார்கள். கடைசியில் 2014-ல் வந்த எச்.டி.எம்.எல். 5-ல் அந்தக் குறிப்பு மறுபடியும் முறையானதாக ஆனது. புழக்கத்தில் ஊறிய சொல்லை இலக்கணம் ஏற்றுக்கொள்வது தமிழ் வாத்தியாருக்குப் புதுசு இல்லை.

இணையப் பக்கங்களை மனுஷன் எப்படிப் பயன்படுத்துகிறான் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1999-ல் தளம் கட்டுகிறவர்கள் செய்கிற பத்துத் தப்புகளைப் பட்டியல் போட்டார். முதல் தப்பு, பின் பொத்தானை வேலை செய்யவிடாமல் ஆக்குவது. இரண்டாவது தப்பு, புது ஜன்னல் திறப்பது. இரண்டும் ஒன்றுதான் என்று யோசித்தால் தெரியும். புதிதாகத் திறந்த ஜன்னலுக்குப் பின்னால் எதுவும் இல்லை, அதனால் அங்கே பின் பொத்தான் மங்கிப்போய்க் கிடக்கும். வாசகன் தன்னைப் பிடித்து வைக்கத்தான் இந்தப் புது ஜன்னல் என்று அறிய மாட்டான். திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்ப்பான், கணினி கெட்டுவிட்டது என்று எழுந்து போவான். பிடித்து வைக்கச் செய்த வேலையே அவனை விரட்டிவிடும்.

பிறகு உலாவிகளே வாசகன் கட்சிக்கு வந்தன. 2004-ல் வந்த ஃபயர்பாக்ஸ் முதல் பதிப்பிலேயே பாப்-அப்பைத் தடுக்கிற வசதி இருந்தது. அந்த வருஷமே மைக்ரோசாப்டும் எக்ஸ்பிக்கான இணைப்புப் பொதியில் அதைக் கொடுத்தது. டேப் என்கிற வசதியும் பரவியது. 2006-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஏழாம் பதிப்புக்கும் அது வந்துவிட்டது. தனி ஜன்னல்கள் ஒரே ஜன்னலுக்குள் வரிசையாக உட்கார்ந்தன. குழப்பம் பாதி குறைந்தது.

பாதிதான். மீதிப் பாதியை எனக்குச் சொன்னது என் மாணவர் ஒருவர்.

*

அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. மூன்றாம் வகுப்பில் என்னிடம் இருந்தார். நான் கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் அவருக்காக வந்ததுதான். இன்று நல்ல வேலையில் இருக்கிறார். கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் வைத்திருக்கிறார். பார்வையில்லாத மைக்கேல் கர்ரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-ல் தொடங்கியது அது. யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், தமிழையும் வாசிக்கும்.

அவரிடம் போனில் எங்கள் சண்டையைச் சொன்னேன். சிரித்தார்.

“சார், உங்களுக்கு ஜன்னல் மேல ஜன்னல் வந்தா கண்ணுக்குத் தெரியும். எனக்குப் புதுப் பக்கத்தோட தலைப்பை மட்டும் அது வாசிச்சுக் காட்டும். நான் அதே ஜன்னல்லதான் இருக்கேன்னு நினைப்பேன். திரும்புறதுக்கான சாவியை அமுக்குவேன். ஒண்ணும் நடக்காது. எங்க நிக்கிறேன்னே தெரியாது சார். பஸ்ஸை விட்டு இறங்கினா நம்ம ஊருன்னு நினைச்ச இடத்துல வேற ஊரு இருந்தா எப்படி இருக்கும்?”

“அப்ப புது ஜன்னலே வேண்டாங்கிறியா?”

“அப்படிச் சொல்லல சார். முன்கூட்டியே சொல்லிட்டாப் போதும். ‘இது புதிய ஜன்னலில் திறக்கும்’னு லிங்க்லயே ரெண்டு வார்த்தை எழுதுனா அதையும் அது வாசிச்சிரும். நான் தயாரா இருப்பேன்.”

இது அவருக்கு மட்டும் உள்ள கஷ்டம் இல்லை. கண்புரை வந்த நாங்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்க்கிறோம். திரையில் ஒரு மூலைதான் தெரியும். மேலே ஒரு டேப் கூடியது எங்கே தெரியப்போகிறது?

அவர் சொன்னது உலக அளவில் எழுதி வைக்கப்பட்ட விஷயம். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்கள் இருக்க டபிள்யூ3சி 2008 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் விளக்கக் குறிப்புகள் இதைத்தான் சொல்கின்றன. அவசியம் இருந்தால் மட்டும் புது ஜன்னல் திற, திறந்தால் முன்கூட்டியே சொல். நம் நாட்டில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30-ல் உச்சநீதிமன்றம், இணைய வசதிகளை எல்லாரும் அணுக முடிவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தருகிற உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் போன வழக்கு அது. கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால்தான் அடையாளம் சரிபார்க்கும் என்றால் கண் இல்லாதவர் என்ன செய்வார் என்பது அங்கே வந்த கேள்வி. ஒரு சின்னப் பொத்தான் ஒருவருடைய உரிமையைத் தடுத்துவிடும்.

*

சரி, மருமகன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் என் வாழ்க்கையிலேயே சாட்சி உண்டு.

சில வருஷங்களுக்கு முன்னால் பக்கத்துத் தெருப் பெண்பிள்ளை ஒருத்தி. அப்பா தீப்பெட்டி ஆபீஸ் வேலை, அம்மா காட்டு வேலை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க என்னிடம் வந்தாள். எந்தத் தளம் என்று சொல்ல வேண்டாம். கடைசி நாள். ராத்திரி எட்டு மணியிலிருந்து உட்கார்ந்து பேர், ஊர், சாதிச் சான்றிதழ் எண், வருமானச் சான்றிதழ் எண் எல்லாம் நிரப்பினோம். கீழே ‘விதிமுறைகளை வாசித்தேன்’ என்று ஒரு கட்டம். வாத்தியார் இல்லையா, வாசிக்காமல் வாசித்தேன் என்று எப்படிப் போடுவது? விதிமுறை என்ற இணைப்பைத் தொட்டேன். அதே ஜன்னலில் விதிமுறை வந்தது. வாசித்துவிட்டுப் பின்னால் வந்தால் படிவம் வெறுமையாக இருந்தது. ஒன்றரை மணி நேர உழைப்பு போயே போச்சு. திரும்ப நிரப்பத் தொடங்கினோம், நடுவில் கரண்ட் போனது. பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது.

அந்தப் பிள்ளை அழவில்லை. “பரவாயில்ல தாத்தா, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வாசிக்காமலே கட்டத்தில் டிக் போட்டிருந்தால் அவளுக்குப் பணம் கிடைத்திருக்கும். நேர்மையாக வாசித்ததற்குத் தண்டனை.

அந்த ஓர் இணைப்பு மட்டும் புது ஜன்னலில் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. டபிள்யூ3சி-யின் குறிப்புகளும் இதைத்தான் விதிவிலக்காகச் சொல்கின்றன. பல படிகள் உள்ள படிவத்தை நிரப்பும்போது உதவிக் குறிப்பைத் திறப்பது ஒன்று. கடவுச்சொல் போட்டு உள்ளே இருக்கும்போது வெளியே போனால் தொடர்பு அறுந்துவிடும் என்பது இன்னொன்று. இந்த இடங்களில் புது ஜன்னல்தான் சரி.

*

நம் அரசாங்கம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். தேசியத் தகவலியல் மையம் அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுதல்களை 2009-ல் கொண்டுவந்தது. பிறகு திருத்தினார்கள், 2023-ல் மூன்றாவது பதிப்பு வந்தது. அரசு அல்லாத தளத்துக்கு இணைப்புப் போனால் வாசகனுக்கு அதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் உண்டு. அதனால்தான் அரசுத் தளங்களில் வெளி இணைப்பைத் தொட்டால் வெளியே போகப்போகிறீர்கள் என்று ஓர் எச்சரிக்கை வருகிறது.

அரசுத் தளங்களின் அடியில் ‘ஹைப்பர்லிங்க் கொள்கை’ என்று ஒரு பக்கம் இருக்கும். யாரும் வாசிப்பதில்லை, நான் வாசித்தேன். நீங்கள் எங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம், ஆனால் எங்கள் பக்கங்களை உங்கள் ஃபிரேமுக்குள் திறக்கக் கூடாது, புதிதாகத் திறக்கும் உலாவி ஜன்னலில்தான் திறக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எனக்கு உடனே 1997 வழக்குதான் நினைவுக்கு வந்தது. ஃபிரேம் இருந்த காலத்துப் பயம் அப்படியே எழுத்தில் தங்கிவிட்டது என்பது என் கணிப்பு. இப்போது ஒரு தளத்தை அடுத்தவர் சட்டத்துக்குள் அடைப்பதைத் தடுக்க உலாவிகளிலேயே வழி இருக்கிறது. நோய் போய்விட்டது, பத்தியம் மட்டும் நிற்கிறது. ஆனாலும் அவர்கள் வீட்டுக்கு அவர்கள் சொல்கிற வாசல் வழியாகத்தான் போக வேண்டும். மாவட்டத் தளத்துக்கான இணைப்பைப் புது ஜன்னலிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன்.

இன்னொரு விஷயமும் தெரியவந்தது. புது ஜன்னலில் திறந்த பக்கத்துக்குத் தன்னைத் திறந்துவிட்ட பழைய ஜன்னலின் மேல் ஓர் அதிகாரம் இருந்தது. கெட்டவன் பக்கமாக இருந்தால், நீங்கள் புதியதை வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் இருக்கிற பழையதை அப்படியே போலிப் பக்கமாக மாற்றிவிடலாம். திரும்பி வந்தவன் கடவுச்சொல்லைக் கேட்கிறதே என்று கொடுத்துவிடுவான். பல வருஷம் இந்த ஓட்டை இருந்தது. இதை அடைக்கத் தளம் கட்டுகிறவர்கள் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் வந்த குரோம் 88-லிருந்து உலாவியே அதைத் தானாக அடைத்துவிடுகிறது. சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் அதற்கு முன்பே செய்துவிட்டன. ஆனாலும் பழைய கணினி வைத்திருக்கிற சென்டர்கள் நம் பக்கம் நிறைய உண்டு.

*

இவ்வளவையும் படித்துவிட்டு நான் என் அலமாரியைப் பார்த்தேன்.

உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். மூலம், நச்சினார்க்கினியர் உரை, குறிப்புகள் எல்லாம் உண்டு. 1898-ல் மணிமேகலைக்குத் தாமே அரும்பதவுரையும் எழுதினார். எங்கள் ஊர்க்காரர் கி.ரா. கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். இவையெல்லாம் ஒரு வகையில் இணைப்புகள்தான். ஒரு சொல்லைப் பார்த்தோம், அர்த்தம் வேண்டும், வேறு இடத்துக்குப் போகிறோம், திரும்பி வருகிறோம்.

அந்தப் புத்தகங்களை வாசிக்கும்போது நாம் என்ன செய்வோம்? விட்ட பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு பின்னால் புரட்டுவோம். புது ஜன்னல் என்பது அந்த விரல்தான். ஆனால் அந்த விரல் வாசகனுடையது. எங்கே வைக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பதிப்பித்தவர் வந்து நம் விரலைப் பிடித்துப் பக்கத்துக்கு நடுவில் செருகுவதில்லை.

கணினியிலும் வாசகனுக்கு அந்த விரல் இருக்கிறது. கண்ட்ரோல் சாவியை அமுக்கிக்கொண்டு இணைப்பைத் தொட்டால் புது டேப்பில் திறக்கும். போனில் இணைப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் புது டேப்பில் திறக்கவா என்று அதுவே கேட்கும். ஆக, சாதாரண இணைப்பைப் புது ஜன்னலில் திறக்க வாசகனால் முடியும். ஆனால் புது ஜன்னல் என்று நாம் கட்டிவைத்த இணைப்பை அதே ஜன்னலில் திறக்க அவனுக்கு அவ்வளவு சுலபமான வழி கிடையாது. ஒன்றில் அவனுக்கு இரண்டு வழி, மற்றதில் ஒரே வழி. எனக்கு வழக்கு இந்த இடத்தில் தீர்ந்துவிட்டது.

2003-ல் ஆரம்பித்த தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். எந்த இணைப்பைத் தொட்டாலும் அதே ஜன்னலில்தான் போகும். வெளித் தளமாக இருந்தால் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி மட்டும். போகிறவனை அது பிடித்து வைப்பதில்லை. ஆனாலும் எல்லாரும் திரும்பத் திரும்ப அங்கேதான் போகிறோம்.

மருமகனுக்கு மறுபடி போன் போட்டேன். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அந்த உதவித்தொகைக் கதையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“சரி மாமா. எது எது எப்படின்னு எழுதிக் கொடுங்க” என்றான்.

எழுதிக் கொடுத்தேன்:

1. வாசிப்பதற்கான இணைப்பு எல்லாம் அதே ஜன்னலில்.

2. ஊர்க்காரர்கள் தகவல் அனுப்புவதற்காக நாம் வைத்திருக்கும் படிவத்துக்குள் உள்ள உதவிக் குறிப்பு மட்டும் புது ஜன்னலில்.

3. மாவட்டத் தளத்துக்கான இணைப்பு, அவர்கள் கேட்டபடி, புது ஜன்னலில்.

4. எது புது ஜன்னலில் திறந்தாலும் அந்த இணைப்பிலேயே ‘புதிய ஜன்னலில் திறக்கும்’ என்று தமிழில் எழுத வேண்டும். படம் மட்டும் போட்டால் போதாது.

அவன் ஒன்று கேட்டான்: “எல்லாம் சரி மாமா, வயசானவங்களுக்குப் பின்னால வர்ற பட்டன் எதுன்னே தெரியாதே? அவங்க எப்படித் திரும்பி வருவாங்க?” நியாயமான கேள்வி. சில போன்களில் பின் பொத்தானை அமுக்கினால் புது டேப்பை அதுவே மூடிப் பழைய பக்கத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது, சிலதில் இல்லை. ஆகவே தளத்தின் முதல் பக்கத்தில் ‘திரும்பி வருவது எப்படி’ என்று நாலு வரி எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அதை இன்னும் எழுதி முடிக்கவில்லை. ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எழுதுவதுதான் எப்போதும் கஷ்டம்.

நேற்று சோதனைக்காக என் மாணவருக்குத் தளத்தைக் காட்டினேன். காட்டினேன் என்று சொல்வது தப்பு, கேட்க வைத்தேன். கு.அழகிரிசாமி பக்கத்திலிருந்து விக்கிப்பீடியாவுக்குப் போனார், திரும்பி வந்தார். மாவட்டத் தளத்து இணைப்பில் நின்றார். ‘புதிய ஜன்னலில் திறக்கும்’ என்று கணினிக் குரல் வாசித்தது போனில் எனக்கும் கேட்டது. “சரியா இருக்கு சார்” என்றார். அப்புறம், “கி.ரா. பக்கத்துல ஒரு எழுத்துப் பிழை இருக்கு சார்” என்றார். பார்த்தேன், ‘கரிசல்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கரிசில்’ என்று அடித்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் அவருக்கு நான் எத்தனை பிழை திருத்தியிருப்பேன்!

அந்தப் பெண்பிள்ளை அடுத்த வருஷம் விண்ணப்பித்தாள், கிடைத்தது. இப்போது நர்சிங் படிக்கிறாள். இந்த முறை விதிமுறையை முதலில் வாசித்துவிட்டுத்தான் படிவத்தைத் திறந்தோம்.

தளம் தயாரானதும் இங்கே சொல்கிறேன். தளம் கட்டுகிற வேலையில் இருக்கிற என் பழைய மாணவர்கள் பல பேர் இதை வாசிப்பீர்கள். விண்ணப்பப் படிவம் ஏதாவது உங்கள் கையில் வந்தால் அந்த ‘விதிமுறைகள்’ இணைப்பை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கப்பா.

அன்புடன்,
உங்கள் சார், இடைசெவல்